எத்தனை தடவை பேசினார்? ஓர் எதிர்க்கட்சி எம்.பி.யின் மக்களவைப் பதிவை எங்கள் படிப்பகம் படித்தபோது

பின்னணி

2024 பிப்ரவரியில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் இழுத்த ஒரு வேலையின் பதிவு இது. இடம் கொங்கு நாட்டில் ஒரு விசைத்தறி ஊர். ஊர்ப் பெயர், எம்.பி.யின் பெயர், கட்சி எதையும் சொல்லப்போவதில்லை. 2019 தேர்தலில் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, நீலகிரி, நாமக்கல், கரூர், சேலம் என்று கொங்குப் பக்கத்துத் தொகுதிகளில் வென்ற அத்தனை பேரும் டெல்லியில் எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். எனவே எதிர்க்கட்சி எம்.பி. என்று சொல்வதால் ஆள் தெரியாது. எத்தனை கேள்வி, எத்தனை பேச்சு என்ற எண்களைச் சொன்னால் தெரிந்துவிடும். அதனால் அவர் கணக்கில் இருந்த எண்களை விட்டுவிட்டேன். படித்து முடிக்கும்போது அந்த எண்கள் இல்லாதது பெரிய குறையாகத் தோன்றாது என்று நினைக்கிறேன்.

நான் தறிக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் படிக்கப் படிப்பகத்துக்குப் போவேன். வேலையில் என்னோடு இருந்தவர்கள் மூன்று பேர். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்கிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை ஊரே வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அடுத்தவர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிற ஓர் அண்ணன். மூன்றாவது, கல்லூரியில் கணினி படிக்கும் ஒரு பெண். அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம்.

'கூலிக்கு ஓட்டுகிறவர்' என்றால் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது. தறி அவருடையது. கொட்டகை அவருடையது, கரண்ட் பில் அவர் பெயரில் வரும். பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நெய்த காடாத் துணியை, அதாவது சாயம் ஏற்றாத துணியை, திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வார். அவர் கொட்டகையில் தறி ஓட்டுகிற தொழிலாளி வேறு ஆள். ஆக ஒரே கொட்டகையில் முதலாளி, கூலிக்காரர் என்ற இரண்டு பெயரும் அந்த ஒருவருக்கே பொருந்தும். அரசுக் காகிதங்களில் இவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பது பழைய தகராறு.

சுவரொட்டி வந்த வாரம்

17-ஆவது மக்களவை 2024 பிப்ரவரி 10 அன்று கடைசியாகக் கூடியது. அடுத்த வாரமே ஊரில் ஒரு சுவரொட்டி. 'ஐந்து ஆண்டில் இத்தனை முறைதான் வாய் திறந்தார்' என்று பெரிய எழுத்தில் ஓர் எண். கீழே சின்னதாக, 'ஒரு மசோதாகூட நிறைவேற்றவில்லை.' இரண்டு நாள் கழித்து அதன்மேலேயே இன்னொன்றை ஒட்டினார்கள். அதில் இருந்த எண் முதல் எண்ணைப்போல மூன்று மடங்குக்கு மேல். 'தொகுதியின் குரல் டெல்லியில் ஒலித்தது. பஞ்சு இறக்குமதி வரி ரத்தானது' என்ற வரியும் இருந்தது.

டீக்கடையில் இரண்டு எண்ணையும் வைத்துப் பந்தயம் கட்டாத குறை. தறிக்கார அண்ணன் படிப்பகத்துக்கு வந்து, "ஏனுங்க வாத்தியாரே, ரெண்டு பேரும் ஒரே ஆளைத்தானுங்க சொல்றாங்க? ஒருத்தன் கணக்குல தப்பு இருக்கோணுமில்லீங்களா?" என்று கேட்டார்.

கணக்கு எழுதுகிற எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. ஒரே வியாபாரத்தை இரண்டு பேரேட்டில் எழுதி இரண்டு மொத்தம் வந்தால், கூட்டல் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. எதைப் பதிவாக எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும். அதைக் கண்டுபிடிப்போம் என்று நான்கு ஞாயிறு ஒதுக்கினோம். நான்கு என்று நினைத்தது எங்கள் அறியாமை.

என்ன பார்த்தோம், எங்கே பார்த்தோம்

மக்களவையின் விவாதங்கள், கேள்விகள், பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் ஒவ்வோர் உறுப்பினருக்கும் வருகை, கலந்துகொண்ட விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா என்று தனித்தனியே கணக்கு வைத்திருக்கிறது. பத்திரிகைகளில் வரும் எண்கள் பெரும்பாலும் அங்கிருந்து எடுத்தவை.

முதல் ஞாயிறே விடை பாதி கிடைத்துவிட்டது. முதல் சுவரொட்டி, விவாதம் என்ற பத்தியில் இருந்த எண்ணை மட்டும் எடுத்திருந்தது. இரண்டாவது, அதோடு கேள்விகளையும் சேர்த்துக் கூட்டியிருந்தது. எழுதிக் கொடுத்த கேள்வியை வாய் திறந்ததாகக் கணக்கிட்டால் எண் மூன்று மடங்காகாமல் என்ன செய்யும்?

சண்டை அத்தோடு தீர்ந்ததாக நானும் நினைத்தேன். வாத்தியார் விடவில்லை. "எத்தனைன்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியலையே" என்றார். ஒரு நானூறு பக்க நோட்டு வாங்கினோம். தேதி, என்ன வகை, எந்தப் பொருள், பதில் வந்ததா என்று நான்கு பத்தி போட்டு, ஒவ்வொரு பதிவையும் திறந்து படித்து எழுத ஆரம்பித்தோம். கணினிப் பெண் எடுத்துக் கொடுப்பாள், நான் எழுதுவேன். பொருள் என்ன என்பதை வாத்தியார் ஒரு சொல்லில் சொல்வார். ரயில், நூல், கேஸ் குழாய், தென்னை, நீட்.

எண்ணிக்கை இடறிய இடங்கள்

எழுத எழுதத்தான் 'பேச்சு' என்று நாங்கள் ஒரே சொல்லில் சொன்னதற்குள் எத்தனை வகை இருக்கிறது என்று தெரிந்தது.

காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விதான் அந்தப் பட்டியலில் வரும். குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். அந்த 20-லும் ஒரு மணி நேரத்தில் நாலைந்தைத் தாண்டுவது அபூர்வம். நட்சத்திரம் இல்லாதவை நாளொன்றுக்கு 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில், யாரும் எழுந்து நிற்பதில்லை. ஒரே மாதிரிக் கேள்வியைப் பல உறுப்பினர்கள் அனுப்பினால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகப் போட்டுவிடுவார்கள். எங்கள் எம்.பி.யின் பெயர் எட்டாவதாக இருக்கும் கேள்வியும் அவர் கணக்கில் ஒன்று, தனியாக அவர் மட்டும் கேட்டதும் ஒன்று.

கேள்வி நேரத்துக்குப் பிறகு பூஜ்ய நேரம். விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது, வழக்கத்தில் வந்தது. எதிர்க்கட்சி எம்.பி.க்கு ஊர்ப் பிரச்சினையைத் தன் வாயால் சொல்ல இருக்கிற நல்ல வாய்ப்பு இதுதான். கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். இதற்கும் குலுக்கல் உண்டு. அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதி 377 என்று இன்னொன்று: 250 சொல்லுக்கு மிகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுந்து படிப்பதும் உண்டு, படித்ததாகவே வைத்துக்கொண்டு அவையில் சமர்ப்பித்துவிடுவதும் உண்டு. இதற்கு அமைச்சகம் பிறகு அந்த உறுப்பினருக்குக் கடிதத்தில் பதில் அனுப்பும்.

பெரிய விவாதங்களில், அதாவது பட்ஜெட், மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகியவற்றில், கட்சியின் பலத்துக்கு ஏற்ப நேரத்தைப் பங்கிடுகிறார்கள். 543 பேர் அவையில் சின்னக் கட்சிக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. பெரிய கட்சியாக இருந்தாலும் யார் பேசுவது என்று முடிவு செய்வது கட்சித் தலைமையும் கொறடாவும். பெயர் வராத உறுப்பினர் எழுதி வந்ததை அவையில் வைத்துவிட்டுப் போகலாம். அதுவும் அச்சில் பேச்சாகவே வரும். நோட்டில் முதல் மாதம் அப்படிப்பட்டவற்றையும் 'பேசினார்' என்று எழுதி வைத்திருந்தேன். காணொளியில் ஆளைத் தேடினால் ஆள் இல்லை. அழித்து எழுத வேண்டியதாயிற்று.

'ஒரு மசோதாகூட நிறைவேற்றவில்லை' என்ற வரியைப் பார்த்து வாத்தியார் சிரித்தார். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களில், சுதந்திரம் வந்த நாளிலிருந்து சட்டமானவை 14 தான். கடைசியானது 1970-இல். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அந்த வரியை நாட்டில் எந்த எம்.பி. மீதும் ஒட்டலாம்.

மறுதரப்பின் வரிதான் கொஞ்சம் சிக்கல். பஞ்சு இறக்குமதிக்கு 2021 பட்ஜெட்டில் மொத்தம் 11 சதவீதம் வரி வந்தது. நூல் விலை ஏறிய ஏற்றத்தில் திருப்பூரும் தறி ஊர்களும் தத்தளித்தன. எங்கள் எம்.பி. 2022 மார்ச்சில் பூஜ்ய நேரத்தில் இதைப் பேசியிருக்கிறார். ஏப்ரல் 14 முதல் வரி விலக்கு அமலானது. தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருந்ததால், 'பேசினார், நடந்தது' என்று எழுதிவிட எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால் அதே பொருளில் வேறு எம்.பி.க்களும் பேசியிருந்தார்கள், மாநில அரசு கடிதம் எழுதியிருந்தது, ஆலைக்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். இவரால்தான் வந்தது என்பதற்கு அவைக்குறிப்பில் ஒரு வரி ஆதாரமும் இல்லை. இவரும் கேட்டார் என்பதற்கு மட்டும் இருக்கிறது. அந்த விலக்கும் அந்த ஆண்டு அக்டோபர் வரைதான் நீடித்தது என்பதைச் சுவரொட்டி சொல்லவில்லை.

தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் என்னவாயிற்று

நாங்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை இந்தப் பகுதிதான்.

2022 ஜனவரியில் எங்கள் பக்கம் தறிகள் நின்றன. முந்திய நவம்பரில் பேசி முடித்த கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்று கூலித் தறிக்காரர்கள் கொட்டகையைப் பூட்டினார்கள். அந்தச் சூட்டில்தான் மார்ச் மாதப் பேச்சு. எம்.பி. தமிழில் பேசினார். அரசியலமைப்பின் 120-ஆவது பிரிவு, இந்தியோ ஆங்கிலமோ வராதவர் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்கிறது. முன்கூட்டிச் சொன்னால் உடனுக்குடன் மொழிபெயர்க்கவும் ஆள் உண்டு. தமிழில் பேசினால் அவைக்குறிப்பில் தமிழ் எழுத்து வருவதில்லை. நட்சத்திரக் குறி போட்டு, 'தமிழில் நிகழ்த்திய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்று அடிக்குறிப்போடு ஆங்கிலம் மட்டும் அச்சாகும்.

முதலில் நாங்களும் அந்த ஆங்கிலத்தைத்தான் படித்தோம். தறிக்கார அண்ணனுக்கு அம்மிணி வரி வரியாகத் தமிழில் சொன்னாள். நெசவாளர்கள் துன்பம், நெசவாளர்களுக்கு நிவாரணம், நெசவாளர் கடன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "இது நம்மளப் பத்தி இல்லீங்களே, கைத்தறிக்காரங்களப் பத்தியாட்ட இருக்குது" என்றார். வாத்தியாருக்கும் அப்படித்தான் பட்டது. நோட்டில் பொருள் என்ற பத்தியில் 'கைத்தறி' என்று எழுதிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அம்மிணி அந்த நாளின் காணொளியைத் தேடி எடுத்தாள். மொழிபெயர்ப்பாளர் குரல் மேலே ஓடாத பதிவு. செல்போனை மேசைமேல் வைத்து நால்வரும் குனிந்து கேட்டோம். எம்.பி. தெளிவாகவே சொல்லியிருந்தார்: கூலிக்கு ஓட்டும் விசைத்தறிக்காரர், பாவு நூல் கொடுப்பவர் ஒருவர், தறி ஓட்டும் தொழிலாளி ஒருவர், தறிக்கடன் தறிக்காரர் தலையில். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே. இரண்டு நிமிடத்துக்குள் அவர் பிரித்துப் பிரித்துச் சொன்ன மூன்று ஆட்களும் ஆங்கிலத்தில் ஒரே 'நெசவாளர்' ஆகியிருந்தார்கள். அண்ணன் எதுவும் சொல்லாமல் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓடுகிற பேச்சில், எங்கோ பிறந்தவருக்கு ஒரு கொட்டகைக்குள் இருக்கும் மூன்று உறவு எப்படித் தெரியும்? ஆனால் அதன் விளைவு அத்தோடு நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் எம்.பி. பெயரில் விதி 377-இன் கீழ் இதே பொருளில் ஒரு குறிப்பு போயிருந்தது. அதைப் படித்தால் சொல்லுக்குச் சொல் அந்த ஆங்கில அவைக்குறிப்பின் வாடை. எழுதியவர் பழைய பேச்சை எடுத்து வைத்துச் சுருக்கியிருக்கிறார் என்று ஊகித்தோம். அங்கேயும் நெசவாளர்தான். விசைத்தறி என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது.

அதற்கு அமைச்சகம் என்ன பதில் எழுதியது? அந்தக் கடிதம் உறுப்பினருக்குப் போவது என்பதால் நாங்கள் தேடிய விவாதப் பக்கங்களில் அது இல்லை. அவர் அலுவலகத்துக்குத்தான் போயாக வேண்டும். போவதற்கு முன்னால் நாங்கள் ஒரு தப்பு செய்தோம்.

எங்கள் தவறு

மார்ச் முதல் வாரம், அதுவரை கண்டதை ஒரு பக்கத்தில் எழுதிப் படிப்பகப் பலகையில் ஒட்டினோம். அதில் நான் எழுதிய ஒரு வரி: '2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் நட்சத்திரக் கேள்வி ஒன்றுகூட இல்லை, அந்த ஆண்டின் குளிர்காலத் தொடரில் எந்தப் பதிவும் இல்லை.' நோட்டில் இருந்ததை இருந்தபடி எழுதியதாக எனக்கு நினைப்பு.

மறுநாள் மாலை எம்.பி.யின் கட்சி இளைஞர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். சத்தம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதில் ஒருவர் மட்டும் அமைதியாகக் கேட்டார்: "அண்ணா, அந்த செப்டம்பர்ல கேள்வி நேரமே கெடையாதுங்க. கொரோனான்னு எடுத்துட்டாங்க. குளிர்காலத் தொடர் நடக்கவே இல்லீங்க. நடக்காத கூட்டத்துல எப்பிடிங்க பேசறது?"

சரிதான். 2020 செப்டம்பர் 14 முதல் 23 வரை நடந்த அந்தத் தொடரில் எழுத்துப் பதில் மட்டும்தான். குளிர்காலத் தொடரை அந்த ஆண்டு நடத்தவில்லை. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த ஆண்டு என்பது எனக்கு மறந்தா போயிற்று? வரிசையில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தேனே தவிர, அந்தக் கட்டம் ஏன் காலி என்று பார்க்கவில்லை. வருமானம் இல்லாத மாதத்தில் கடை திறந்திருந்ததா என்று கேட்காமல் கணக்கு முடிப்பதற்குச் சமம் இது. தொழிலில் நான் அப்படிச் செய்ததே இல்லை.

அவர்கள் முன்னாலேயே காகிதத்தைக் கிழித்து எடுத்தோம். வெறுமனே எடுத்துவிட்டால் போதாது, தப்பு என்று எழுதி ஒட்ட வேண்டும் என்றார் வாத்தியார். எழுதி ஒட்டினோம். அந்தத் திருத்தம் ஒரு வாரம் பலகையில் இருந்தது. அதைப் படம் எடுத்து 'படிப்பகம் மன்னிப்புக் கேட்டது' என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு காலியாக இருந்த ஒவ்வொரு தேதியையும் திரும்பப் பார்த்தோம். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்ட நாட்கள் எத்தனையோ. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எதிர்க்கட்சி உறுப்பினர்களை இடைநீக்கம் செய்தார்கள். இடைநீக்கமானவர் அவைக்குள் நுழைய முடியாது, அவர் தரும் நோட்டீஸ் செல்லாது, ஏற்கெனவே பட்டியலில் இருந்த கேள்விகளும் நீக்கப்பட்டன. கொங்கு எம்.பி.க்கள் சிலரும் அதில் உண்டு. டிசம்பர் 14 அன்றைய பட்டியலில் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயர் இருந்தது. அவர் அன்று அவையிலேயே இல்லை என்று தெரிந்து பிறகு பெயரை எடுத்தார்கள். அவைக்குறிப்பு எழுதுகிறவர்களுக்கே இப்படி என்றால் எங்களுக்கு என்ன என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன். வாத்தியார் அந்த ஆறுதலை ஏற்கவில்லை.

எடுத்த முடிவுகள்

மார்ச் 16 அன்று தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அந்த ஞாயிறு மூன்று முடிவு எடுத்தோம்.

எத்தனை முறை என்ற மொத்தத்தை இனி எங்கேயும் எழுதுவதில்லை என்பது முதலாவது. அந்த எண் பொய் கிடையாது. ஆனால் எட்டாவது பெயராகச் சேர்ந்த கேள்வியும், குலுக்கலில் வென்று நின்று பேசிய இரண்டு நிமிடமும் அதில் ஒரே எடை. அதற்குப் பதிலாகப் பொருள்வாரியாக எழுதுவது: நூல் என்று ஒரு பக்கம், அதில் எப்போது எழுப்பினார், எந்த வழியில், பதில் என்ன, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாரா.

இரண்டாவது, மாநில அரசின் வேலையை எம்.பி.யின் கணக்கில் எழுதுவதில்லை. ஊரில் பாதிப் பேரின் குறை, கரண்ட் கட்டணத்தைப் பற்றி அவர் பேசவில்லை என்பது. 2022 செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தியது மாநில ஒழுங்குமுறை ஆணையம். விசைத்தறிக்கு இலவச மின்சாரத்தை 750 யூனிட்டிலிருந்து 1,000 ஆக்கியது மாநில அரசு. கூலிப் பேச்சுவார்த்தை நடப்பது கலெக்டர் ஆபீசில். இதெல்லாம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை. நியாயமாகப் பார்த்தால் எங்கள் ஊர் குறைப்பட்டியலில் பாதிக்கு மேல் இப்படிப் போய்விட்டது.

மூன்றாவதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. பொருள்வாரிக் குறிப்பைத் தேர்தலுக்கு முன் வெளியிடுவதா, பின்னரா? எந்தத் தரப்பும் தனக்கு வேண்டிய வரியை வெட்டிச் சுவரில் ஒட்டும், ஏற்கெனவே ஒரு தடவை சுட்டுக்கொண்டோம், அதனால் பிறகுதான் என்றார் வாத்தியார். ஓட்டுப் போடுகிறவனுக்கு ஓட்டுக்குப் பிறகு கணக்குக் காட்டி என்ன பிரயோஜனம் என்றேன் நான். அம்மிணி என் பக்கம், அண்ணன் அவர் பக்கம். கடைசியில் பலகையில் போடுவதில்லை, படிப்பகத்துக்கு வந்து கேட்பவர்கள் நோட்டை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று முடிந்தது. பதினைந்து பேர் படித்திருந்தால் அதிகம். அந்த முடிவில் இன்றைக்கும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை.

பின்னர் நடந்தது

தேர்தல் முடிந்தது. அவர் வென்றாரா, நின்றாரா என்பது இங்கே வேண்டாம். 2024-லும் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் இந்தியா கூட்டணிக்கே போயின. எங்கள் தொகுதி திரும்பவும் எதிர்வரிசைதான், அலுவலகமும் அதே தெருவில்தான்.

ஜூலையில் நோட்டை எடுத்துக்கொண்டு வாத்தியாரும் நானும் அங்கே போனோம். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற தம்பி மரியாதையாக உட்கார வைத்தார். விதி 377 குறிப்புக்கு வந்த பதிலைக் கேட்டோம். பீரோவில் தேடி, டேக் கட்டிய ஒரு கோப்பை எடுத்தார். ரயில்வேயிலிருந்து, நெடுஞ்சாலையிலிருந்து, தபால் துறையிலிருந்து என்று கடிதங்கள். நாங்கள் தேடிய கடிதம் நடுவில் இருந்தது. ஒன்றரைப் பக்கம். கைத்தறி நெசவாளர்களுக்கான திட்டங்களின் பட்டியல், முத்ரா கடன், காப்பீடு. கேட்டது நெசவாளரைப் பற்றி, பதில் நெசவாளரைப் பற்றி. அமைச்சகத்தின் மேல் என்ன தப்பு?

அந்தக் கடிதம் வந்து அப்போதைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. யாரும் படித்துப் பார்த்து, நாங்கள் கேட்டது இது இல்லையே என்று திருப்பி எழுதவில்லை. தறிச் சங்கத்துக்கும் அனுப்பவில்லை. 2017-இல் விசைத்தறிக்கென்றே வந்த பவர்டெக்ஸ் இந்தியா திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி போட்டிருந்தால்கூடப் பேச்சு சரியான தடத்துக்கு வந்திருக்கும். எம்.பி. மேல் நாங்கள் வைத்த ஒரே குறை இதுதான். பேசவில்லை என்று சொல்ல முடியாது, நன்றாகவே பேசினார். பேசிய பிறகு வந்ததை யாரும் பார்க்கவில்லை. தம்பியிடம் இதைச் சொன்னபோது மறுக்கவில்லை. "டெல்லியில ஒருத்தர், இங்க நான் ஒருத்தன். லெட்டர் வந்தா கோப்புல போடுவமுங்க. அதுக்கு மேல யாருங்க பாக்கறது?" என்றார். ஆளுங்கட்சி உறுப்பினருக்காவது அமைச்சர் அறைக்குள் போய் நேரில் கேட்க முடியும். எதிர்க்கட்சிக்காரர் கையில் இருப்பது இந்தக் காகிதத் தொடர்ச்சி ஒன்றுதான், அதையும் விட்டால் ஒன்றுமில்லை.

அங்கே இரண்டு காரியம் ஒப்புக்கொண்டார்கள். விதி 377-க்கு வரும் பதில்களின் நகல், சம்பந்தப்பட்ட சங்கத்துக்கும் படிப்பகத்துக்கும் வரும். தமிழில் பேசும்போது முக்கியமான சொற்களுக்கு ஆங்கிலக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டிக் கொடுப்பார்கள். அந்தச் சொற்பட்டியலை அண்ணன்தான் தயாரித்தார்: கூலித் தறிக்காரர், ஜவுளி உற்பத்தியாளர், தறி ஓட்டும் தொழிலாளி, பாவு, ஊடை, காடா. எதிரே விளக்கம் எழுதியது அம்மிணி. ஒரே ஒரு பக்கம்.

கூலிக்கு ஓட்டுபவர்களைத் தனியாகக் கணக்கெடுத்திருக்கிறீர்களா என்று கேட்டு, அந்தச் சொற்களை வைத்தே ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுத்தோம். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன் நோட்டீஸ் தர வேண்டும். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் தர முடியாது. ஜவுளித் துறைக்கு வாரத்தில் ஒரு நாள். குளிர்காலத் தொடரில் போட்டார்கள், குலுக்கலில் வரவில்லை. அடுத்த தொடருக்குத் திரும்பவும் போடச் சொல்லியிருக்கிறோம். கடித நகல்கள் மட்டும் சொன்னபடி வருகின்றன, சில சமயம் நாங்கள் போன் செய்த பிறகு.

மறுபடி செய்வதானால்

முதலில் அலுவலகத்துக்குப் போவேன். ஆறு மாதம் இணையத்தில் தேடியதில் பாதி அந்தப் பீரோவில் இருந்தது. எம்.பி. என்றால் எதிராளி என்ற நினைப்பில், அவரிடம் கேட்காமல் அவரைப் பற்றி எழுதினோம்.

கூட்டத்தொடர்ப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் எழுத ஆரம்பிப்பேன். அவை கூடாத நாள், கேள்வி நேரம் இல்லாத நாள், இடைநீக்க நாள் எல்லாம் சிவப்பு மையில். தமிழில் பேசியது எதுவானாலும் காணொளியைக் கேட்காமல் பொருள் எழுதமாட்டேன்.

இன்னொன்றை அண்ணன் சொல்லித்தான் பார்த்தோம். தொகுதி எல்லைகள் தறியைப் பார்த்துப் போட்டவை இல்லை. பல்லடமும் சூலூரும் கோவைத் தொகுதியில். அவிநாசி நீலகிரியில், பெருந்துறை திருப்பூரில், குமாரபாளையம் ஈரோட்டில். ஒரே நூல் விலை, ஒரே கூலித் தகராறு, எம்.பி. நான்கு பேர். "நீங்க ஒருத்தரையே பாத்துட்டிருக்கறீங்க. மத்த மூணு பேரும் இதே நூலைப் பத்திப் பேசுனாங்களா, என்ன பதில் வந்துதுன்னு பாத்தீங்களா? நாலு பதிலையும் ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றார்.

பார்க்கவில்லை. மூன்று நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். அம்மிணிக்குக் கடைசி செமஸ்டர் முடிய வேண்டும். இப்போதைக்கு ஒரு நோட்டில் முதல் பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது.